பழைய கணினிக்கு யார் பொறுப்பு?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறியின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதே ஜக்கார்டு பெட்டி, அதன் மூதாதை 1804-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரில் உருவானது. ஜோசப் மரி ஜக்கார்டு அமைத்த அந்த நுட்பம் இன்றும் பெரிதாக மாறவில்லை. துளையிட்ட அட்டைகள் சங்கிலிபோலக் கோக்கப்பட்டு, மிதியை மிதிக்க மிதிக்க ஒவ்வொன்றாகப் பெட்டிக்கு முன் வந்து நிற்கும். துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய கொக்கி பாவு நூலை மேலே தூக்கும். துளை இல்லாத இடத்தில் நூல் அப்படியே கிடக்கும். ஊடைக்கு ஓர் அட்டை என்ற கணக்கில் மயிலும் அன்னமும் யாளியும் முந்தானையில் எழும்பி வரும். சார்லஸ் பாபேஜ் தன் பகுப்பாய்வுப் பொறிக்கு இந்த அட்டையைத்தான் கடன் வாங்கினார். கணினியின் குடும்ப வரலாற்றில் நெசவுக்கு இடம் கிடைத்தது அப்படித்தான்.

இருநூறு ஆண்டு தாண்டிய அந்த நுட்பம் இன்னும் கூலி சம்பாதித்துக் கொடுக்கிறது. கொக்கி வளைந்தால் நிமிர்த்துவார்கள், அட்டை கிழிந்தால் வேறு அட்டை அடிப்பார்கள். கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பழுது பார்க்கத் தெரிந்தவரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். அதே அட்டைக்கு டிசைன் வரைவதற்கு வாங்கும் கணினியோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் "இனி இதற்கு அப்டேட் வராது" என்ற அறிவிப்போடு மூலைக்குப் போய்விடுகிறது. திரை எரியும், விசைப்பலகை வேலை செய்யும், ஆனால் கணினி ஓய்வு பெற்றுவிட்டதாகச் சொல்லிவிடுவார்கள்.

உலகெங்கும் பலர் இந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்து, சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள். லினக்ஸ் போன்ற திறமூல இயங்குதளங்களில் பழைய வன்பொருள் இன்னும் ஓடுவது பெருமளவு அவர்களால்தான். அவர்கள் என்ன செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள், அந்த வேலையில் தமிழ்நாட்டுக்கு என்ன பங்கு இருக்க முடியும் என்று பார்ப்போம்.

கணினிக்கு முதுமை எங்கிருந்து வருகிறது

கணினி பழசாகிவிட்டது என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு சங்கதிகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது தேய்மானம்: ஹார்டு டிஸ்க், மின்விசிறி, பேட்டரி போன்றவை நாளடைவில் கெடும், மாற்றினால் சரியாகும். இரண்டாவது வேகக் குறைவு: செயலி மெதுவாகிவிடுவதில்லை, நாம் அதன்மேல் ஏற்றும் மென்பொருள் கனமாகிவிடுகிறது. இருபது ஆண்டுக்கு முந்தைய செயலி அன்று போட்ட கணக்கை இன்றும் அதே வேகத்தில்தான் போடுகிறது. மூன்றாவது, ஆதரவு நின்றுபோவது. நல்ல நிலையில் இருக்கும் கணினியைக் குப்பைக்கு அனுப்புவது பெரும்பாலும் இதுதான்.

ஆதரவு என்றால் என்ன? பிரிண்டர், வைஃபை, ஒலி அட்டை, திரை அட்டை என்று கணினியோடு இணையும் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனிக் கட்டளை முறை உண்டு. எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதினால் வைஃபை சில்லு விழித்துக்கொள்ளும், எத்தனை மைக்ரோ நொடி காத்திருந்து பதிலைப் படிக்க வேண்டும் என்பதெல்லாம் உறுப்புக்கு உறுப்பு மாறும். இவற்றை அறிந்த நிரலுக்கு டிரைவர் என்று பெயர். இயங்குதளத்தின் நடுப்பகுதியான கெர்னல், உறுப்புகளோடு பேசுவதற்கு டிரைவரைத்தான் நம்பியிருக்கிறது. கெர்னல் மாறிக்கொண்டே இருப்பதால், டிரைவரையும் கூடவே திருத்திக்கொண்டு வர வேண்டும்.

மூலநிரலைப் பூட்டி வைத்திருக்கும் இயங்குதளங்களில் இந்தத் திருத்தத்தை உற்பத்தியாளர் ஒருவரால்தான் செய்ய முடியும். ஐந்தாறு ஆண்டுக்கு முன் விற்ற பிரிண்டருக்குப் புது டிரைவர் எழுதி, சோதித்து, வெளியிடுவதில் நிறுவனத்துக்குச் செலவுதான் உண்டு, வரவு இல்லை. 32-பிட் விண்டோஸிலிருந்து 64-பிட் விண்டோஸுக்கு உலகம் நகர்ந்தபோது, பழைய 32-பிட் டிரைவர்களைப் புதிய கெர்னல் ஏற்கவில்லை. 64-பிட் டிரைவர் வெளிவராத பிரிண்டர்களும் ஸ்கேனர்களும் அதோடு முடிந்தன. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஏறத்தாழ 2018-க்குப் பிந்தைய செயலியும் வேண்டும். இந்த வரம்புக்கு வெளியே விழுந்த கணினிகள் உலகெங்கும் கோடிக்கணக்கில் இருக்கின்றன.

மாற்றியவரே சரிசெய்ய வேண்டும்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டு 25-இல் அறிவித்த லினக்ஸ், இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. டிரைவர்களின் மூலநிரல் அனைத்தும் கெர்னலின் மூலநிரலோடு ஒரே தொகுப்பில் இருக்கும். இன்றைய புதிய வைஃபை சில்லின் டிரைவரும் 1990-களின் நெட்வொர்க் அட்டைக்கான டிரைவரும் அங்கே அடுத்தடுத்த அடைவுகளில் கிடக்கின்றன.

இதில் சட்டம் ஒன்று உண்டு. கெர்னலின் உள்ளே ஒரு செயல்கூற்றை ஒருவர் மாற்றினால், அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவர்களையும் அவரே திருத்தித் தர வேண்டும். நூறு டிரைவர் இருந்தால் நூறையும். அதில் தொண்ணூறு, தன் வாழ்நாளில் கண்ணால் பார்த்திராத வன்பொருளுக்கானவையாக இருக்கலாம். ஆனாலும் திருத்திக் கொடுத்தால்தான் அவருடைய மாற்றம் ஏற்கப்படும். பெரும் நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் பொறியாளர் புதிய சர்வருக்காகச் செய்யும் வேலையின் பயனில் ஒரு பங்கு, யாரோ ஒருவர் வீட்டில் இருக்கும் பழைய கணினிக்கும் இப்படிப் போய்ச் சேர்கிறது.

ஆனால் இதற்கு ஓர் எல்லை இருக்கிறது. திருத்திய நிரல் பிழையில்லாமல் தொகுக்கப்படுகிறதா என்பதைத்தான் அந்தப் பொறியாளரால் சரிபார்க்க முடியும். வன்பொருள் உண்மையிலேயே இயங்குகிறதா என்று சொல்ல, அந்த வன்பொருளைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் வேண்டும். பழைய கருவியை மேசைமேல் வைத்துக்கொண்டு, புதுக் கெர்னலை ஏற்றிப் பார்த்து, "இங்கே நிற்கிறது" என்று சொல்லத் தயாராக இருக்கும் ஆள் கிடைப்பது அரிது. தன்னார்வலரின் இடம் அதுதான்.

பொறுப்பாளர் பட்டியல்

லினக்ஸ் மூலநிரலின் முதல் அடைவிலேயே ஒரு நீண்ட உரைக்கோப்பு இருக்கிறது. கெர்னலின் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் பட்டியல் அது. ஒவ்வொரு பகுதிக்கும் சில வரிகள்: பொறுப்பாளரின் பெயர், மின்னஞ்சல், எந்தெந்தக் கோப்புகள் அவருடையவை, பிறகு அந்தப் பகுதியின் நிலை.

நிலையைக் குறிக்க ஐந்து அடையாளங்கள் பயன்படுகின்றன. ஒன்று, இதைக் கவனிக்க ஒருவருக்குச் சம்பளம் கிடைக்கிறது. இரண்டு, சம்பளமோ இல்லையோ, ஒருவர் உண்மையிலேயே கவனித்துக்கொள்கிறார். மூன்று, ஒருவர் இருக்கிறார், ஆனால் எப்போதாவது ஒரு திருத்தம் போடுவதைத் தவிர அவருக்கு நேரமில்லை. நான்கு, யாரும் இல்லை, இது அநாதை. ஐந்து, இது வழக்கொழிந்தது, இதைவிட நல்லது வந்துவிட்டது.

அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு போனால் பழைய வன்பொருளின் எதிர்காலம் தெரிந்துவிடும். ஒரு காலத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களைக் கணினியோடு இணைத்த அகலமான 25 ஊசி இணைப்பு நினைவிருக்கிறதா? பேரலல் போர்ட் என்ற அந்த இணைப்பு புதிய மடிக்கணினிகளிலிருந்து எப்போதோ மறைந்துவிட்டது. பழைய தொழிற்கருவிகள் சிலவற்றுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. லினக்ஸில் அதற்குப் பொறுப்பாளர் இருக்கிறார். பட்டியலில் உள்ள பெயர் சுதீப் முகர்ஜி.

ஃபிளாப்பி பிழைத்தது, இட்டானியம் வெளியேறியது

2019 ஜூலையில் ஃபிளாப்பி டிரைவரின் நிலை "அநாதை" என்று மாற்றப்பட்டது. அதுவரை அதைக் கவனித்துவந்த ஜிரி கோசினாவிடம் வேலை செய்யும் ஃபிளாப்பி வன்பொருள் இல்லாமல் போனதே காரணம். கருவி கையில் இல்லாத நிலையில் அவர் ஒதுங்கினார். அதே காலகட்டத்தில் அந்த டிரைவரில் இருந்த பாதுகாப்புக் குறைகளைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டிருந்தவர் டெனிஸ் எஃப்ரெமோவ். பிறகு அவரே பொறுப்பை ஏற்றார். ஒரு பெயர் மாறியதும் அநாதைப் பகுதிக்கு மீண்டும் ஆள் கிடைத்துவிட்டது.

சூப்பர்எச் என்ற செயலி வகைக்கும் இதே போன்ற வாய்ப்புக் கிடைத்தது. ஹிட்டாச்சி உருவாக்கிய இந்தச் செயலிதான் செகா ட்ரீம்காஸ்ட் விளையாட்டுக் கருவியில் இருந்தது. கவனிப்பார் இல்லாததால் இதை நீக்கிவிடலாம் என்ற யோசனை 2023 தொடக்கத்தில் எழுந்தபோது, டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் தன்னார்வலரான ஜான் பால் அட்ரியன் கிளாபிட்ஸ் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்வந்தார். நீக்கும் பேச்சு நின்றது. 1980-களின் அமிகா, அட்டாரி, பழைய மேக் கணினிகளில் இருந்த மோட்டரோலா 68000 வரிசைச் செயலிகளுக்கு, பெல்ஜியத்தைச் சேர்ந்த கேர்ட் அய்ட்டர்ஹூவன் நீண்ட காலமாகக் காவல் இருக்கிறார். அந்தக் கணினிகள் விற்பனையிலிருந்து மறைந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. லினக்ஸில் அவற்றுக்கு இன்னும் புதுக் கெர்னல் வருகிறது.

இட்டானியத்தின் கதை எதிர்த்திசையில் போனது. இன்டெல் 2001-இல் சந்தைக்குக் கொண்டுவந்த இந்தச் சர்வர் செயலியின் கடைசிச் சரக்கு 2021-இல் தொழிற்சாலையை விட்டுப் போனது. 2024 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 6.7-இல் அதன் ஆதரவு இல்லை. வயதைப் பார்த்தால் அமிகாவைவிட இட்டானியம் மிக இளையது, வலிமையிலும் பெரியது. அமிகாவுக்கு ஆள் இருந்தது. இட்டானியத்தைக் கெர்னலுக்கு உள்ளே முறையாகக் கவனிக்கும் ஆள் இல்லாமல் போனது. அதன் ஆர்வலர்கள் சிலர் தனியாகத் திருத்தங்களைத் தொகுத்துவருகிறார்கள். ஓராண்டுக் காலம் வெளியே ஒழுங்காகப் பராமரித்துக் காட்டினால் திரும்பச் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று டோர்வால்ட்ஸும் கதவைத் திறந்தே வைத்தார்.

லாரி ஃபிங்கரின் ஓய்வுக்காலம்

இந்த உழைப்புக்கு ஒரு முகம் வேண்டுமென்றால் லாரி ஃபிங்கரைச் சொல்லலாம். அமெரிக்காவில் கார்னகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய படிகவியல் அறிஞர் அவர். அவர் பெயரால் ஃபிங்கரைட் என்று ஒரு கனிமமே உண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு அவர் எடுத்துக்கொண்ட வேலை, லினக்ஸில் வைஃபை ஓடவைப்பது.

2000-களின் நடுவில் லினக்ஸ் நிறுவியவர்களுக்கு நினைவிருக்கும், மடிக்கணினியில் எல்லாம் வேலை செய்யும், வைஃபை மட்டும் வராது. பிராட்காம் நிறுவனத்தின் சில்லுகள்தான் அப்போது பல மடிக்கணினிகளில் இருந்தன. அவற்றின் உள்விவரங்களை நிறுவனம் வெளியிடவில்லை. தன்னார்வலர் குழு ஒன்று, நிறுவனத்தின் மூடிய டிரைவரை ஆராய்ந்து விவரக்குறிப்பை எழுதியது. இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் படித்துப் புது டிரைவர் எழுதியது. பதிப்புரிமைச் சிக்கல் வராமல் இருக்கவே இந்தப் பிரிவினை. அந்த முயற்சியில் பங்கெடுத்தவர்களில் ஃபிங்கரும் ஒருவர். பின்னர் ரியல்டெக் சில்லுகளின் டிரைவர்களையும் அவர் கவனித்துக்கொண்டார். மலிவான மடிக்கணினிகளிலும் யுஎஸ்பி வைஃபைக் குச்சிகளிலும் இருப்பவை பெரும்பாலும் அந்தச் சில்லுகளே.

கெர்னலில் அவருடைய திருத்தங்கள் ஆயிரத்துக்கும் மேல். புதுக் கெர்னலுக்குப் போக முடியாதவர்களுக்காக, அதே டிரைவரைப் பழைய கெர்னல்களுக்கும் பொருத்தித் தனியே வெளியிட்டுவந்தார். முகம் தெரியாதவர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதினார். 2024 ஜூனில் அவர் மறைந்தார். தமிழ்நாட்டில் லினக்ஸ் ஏற்றிய மடிக்கணினியில் வைஃபை தானாகவே இணைகிறது என்றால், அதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்களின் வரிசையில் அவர் முன்னால் நிற்கிறார்.

பதினான்கு சோதனையில் ஒரு வழு

தன்னார்வலர் என்றால் நிரல் எழுதத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பழைய வன்பொருளுக்கு அதிகம் தேவைப்படுகிற உதவி, பொறுமையாகச் சோதிப்பது. அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

ஒரு பழைய மடிக்கணினியில் நேற்றுவரை தூக்க நிலையிலிருந்து திரை ஒழுங்காக விழித்தது. புதுக் கெர்னல் ஏற்றியதும் விழிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கெர்னல் பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் நடுவே ஏறத்தாழ 14,000 மாற்றங்கள் நிகழ்கின்றன. அவற்றில் ஏதோ ஒன்று இதைக் கெடுத்திருக்கிறது. ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஆயுள் போதாது.

இங்கேதான் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி கைகொடுக்கிறது. மாற்றங்கள் அனைத்தும் அதில் வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. வரிசையின் நட்ட நடுவில் இருக்கும் நிலையை எடுத்துத் தொகுத்து ஏற்றிப் பாருங்கள் என்று அது சொல்லும். திரை விழித்தால் குற்றவாளி பிற்பாதியில் இருக்கிறது, விழிக்காவிட்டால் முற்பாதியில். 14,000 இப்போது 7,000 ஆகிவிட்டது. மறுபடியும் நடு. 3,500. பிறகு 1,750. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் பதினான்காவது சோதனையில் ஒரே ஒரு மாற்றம் மிஞ்சும். யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பதுவரை தெரிந்துவிடும். இரண்டின் பதினான்காம் அடுக்கு 16,384 என்பதே இந்த விரைவின் இரகசியம்.

பதினான்கு முறையும் கெர்னலைத் தொகுக்க வேண்டும். பழைய கணினியிலேயே தொகுத்தால் ஒவ்வொரு முறைக்கும் பல மணி நேரம் போகும்; அதனால் வேகமான வேறொரு கணினியில் தொகுத்துப் பென் டிரைவில் எடுத்துவருவார்கள். வார இறுதி இரண்டு நாளும் அதிலேயே கரையும். ஆனால் கடைசியில் பொறுப்பாளருக்குப் போகும் மின்னஞ்சல் "என் கணினி வேலை செய்யவில்லை" என்ற முறையீடாக இருக்காது. "இந்த மாற்றத்துக்குப் பிறகு இந்த மாதிரிக் கணினியில் திரை விழிக்கவில்லை, இதை நீக்கினால் விழிக்கிறது" என்ற உறுதியான சான்றாக இருக்கும். அப்படி வரும் அறிக்கையை எந்தப் பொறுப்பாளரும் ஒதுக்கிவிட முடியாது. ஏற்கெனவே இயங்கியதைக் கெடுக்கக் கூடாது என்பது கெர்னல் உலகின் உறுதியான நெறி. சோதித்தவர் எழுதிய அந்த நான்கு வரி மின்னஞ்சல், அதே மாதிரிக் கணினி வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்தரும்.

எல்லைகளையும் சொல்லியாக வேண்டும்

எந்தப் பழைய கணினியையும் என்றென்றும் ஓட்டலாம் என்று சொன்னால் அது பொய். டோர்வால்ட்ஸ் முதல் லினக்ஸை எழுதியது இன்டெல் 386 கணினியில். அந்த 386-க்கான ஆதரவையே 2012 டிசம்பரில் கெர்னலிலிருந்து நீக்கினார்கள். 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பில் அது இல்லை. 486-ஐயும் விட்டுவிடும் காலம் வந்துவிட்டது என்று 2025 ஏப்ரலில் டோர்வால்ட்ஸ் கருத்துத் தெரிவித்தார். பழைய செயலிக்கென்று நிரலில் வைத்திருக்கும் சுற்றுவழிகள் மற்ற எல்லோருடைய வேலையையும் சிக்கலாக்குகின்றன. பயன்படுத்த ஆளே இல்லாத வன்பொருளுக்காக அந்தச் சுமையைத் தூக்குவது நியாயமில்லை.

32-பிட் கணினிகளின் நிலைமையும் இறுகிவருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32-பிட் இன்டெல் கணினிக்கு நிறுவல் வட்டு இல்லை. கூகுள் குரோம் 32-பிட் லினக்ஸை 2016-லேயே கைவிட்டது. பயர்ஃபாக்ஸும் 2025-இல் அதே முடிவை அறிவித்தது. இயங்குதளம் கிடைத்தாலும் பிரவுசர் இல்லாவிட்டால் இணையத்தில் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. இதற்கு மேல் 2038 வேறு காத்திருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணி 32 பிட்டுகளில் சேமிக்கும் பழைய முறை, 2038 ஜனவரி 19 காலை இந்திய நேரம் 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு நிரம்பிவிடும். கெர்னலில் இதற்குத் தீர்வு வந்துவிட்டது. பழைய மென்பொருள்கள் பலவற்றில் வரவில்லை.

மின்செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். பென்டியம் 4 மேசைக் கணினியை நாள் முழுக்க ஓட்டுவது சிக்கனமாகாது. 2008-க்குப் பிந்தைய 64-பிட் மடிக்கணினி என்றால் கதையே வேறு. அதற்கு இன்னும் பல ஆண்டு ஆயுள் இருக்கிறது. ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கார்பன் வெளியேற்றத்தின் பெரும்பங்கு, அது தொழிற்சாலையில் உருவாகும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. ஐக்கிய நாடுகள் சபையின் மின்கழிவு அறிக்கையின்படி 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான். ஓடக்கூடிய கணினியை ஓடவிடுவதே இந்தக் குவியலைக் குறைக்கும் மிக மலிவான வழி.

ஐம்பது இலட்சம் மடிக்கணினிகள்

இந்தப் பேச்சு தமிழ்நாட்டுக்கு ஏன் முக்கியம்? 2007 வாக்கில், இ.ஆ.ப. அதிகாரி உமாசங்கர் தலைமையில் இருந்த தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் அரசுக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியது. அதே ஆண்டில் சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15, காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் பிறந்தநாளில், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. அந்தப் பத்தாண்டில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின.

பழைய வன்பொருளுக்கு ஆதரவு என்ற கோணத்தில் பார்த்தால் இது ஓர் அரிய செல்வம். ஒரே மாதிரிக் கணினி இலட்சக்கணக்கில் ஒரே மாநிலத்தில் இருக்கிறது. ஒரு மாதிரியில் வைஃபைச் சிக்கலை ஒருவர் தீர்த்தால், அதே தீர்வு மாநிலம் முழுக்கப் பொருந்தும். இவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-இன் வரம்புக்குள் வராதவை. ஆனால் 64-பிட் செயலி உள்ளவை. 2 ஜிபி ராமை 4 ஜிபி ஆக்கி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்தி, லுபுண்டு, எம்எக்ஸ் லினக்ஸ், ஆன்டிஎக்ஸ் போன்ற இலகுவான லினக்ஸை ஏற்றினால் படிப்புக்கும் கணக்கு வழக்குக்கும் தாராளமாகப் போதும்.

காஞ்சிபுரத்தில் இதற்கு வேலையும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள். டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் உருவாக்கிய டிஜிபுனை என்ற திறமூல மென்பொருள், ஜக்கார்டு மற்றும் டாபி தறிகளுக்கான டிசைனைக் கணினியில் வரைவதற்கென்றே எழுதப்பட்டது. விலை கொடுத்து டிசைன் மென்பொருள் வாங்க முடியாத நெசவாளர் குடும்பத்தில் பிள்ளைக்குக் கிடைத்த மடிக்கணினி சும்மா கிடந்தால், அதில் முயன்று பார்க்கத் தக்கது இது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்ற தன்னார்வக் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழியில் கூடி, கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே பேசுகிறது. யாரும் சேரலாம், கட்டணம் கிடையாது. 2012-இல் தொடங்கிய கணியம் இதழ், லினக்ஸைத் தமிழில் கற்பதற்கான கட்டுரைகளையும் நூல்களையும் இலவசமாகத் தருகிறது. கேள்வி கேட்க ஆங்கிலம் தெரிய வேண்டும் என்ற தடையை இவர்கள் நமக்கு முன்பே உடைத்துவிட்டார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய மடிக்கணினி இருந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் கழற்றி, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அதைக் குத்தவோ குப்பையில் போடவோ வேண்டாம். பெரும்பாலான மடிக்கணினிகள் மின்கம்பியை மட்டும் இணைத்தாலே ஓடும். இணையம் இணைந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் காசு வடிவ சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருந்தால், கணினி ஒவ்வொரு முறையும் பல ஆண்டு பின்னால் போய் விழித்துக்கொள்ளும். அந்தத் தேதியில் இன்றைய தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது. சில பத்து ரூபாயில் தீரும் இந்தக் கோளாறால் கைவிடப்பட்ட கணினிகள் ஏராளம்.

அடுத்து, ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, தூக்கம், கேமரா, விசைப்பலகையின் ஒளி விசைகள் என ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். 2011-இல் தந்த பாஸ் லினக்ஸை அப்படியே இன்றும் பயன்படுத்த வேண்டாம். பாதுகாப்புத் திருத்தம் வராத லினக்ஸும் ஆபத்துதான்.

எல்லாம் வேலை செய்தால் மகிழ்ச்சியோடு பயன்படுத்துங்கள். ஏதாவது வேலை செய்யாவிட்டால் சும்மா மூடி வைத்துவிடாதீர்கள். கணினியின் மாதிரி எண், எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எது இயங்கவில்லை, முன்பு எந்தப் பதிப்பில் இயங்கியது என்ற ஐந்து விவரங்களை எழுதி, நீங்கள் நிறுவிய லினக்ஸின் வழு முறையீட்டுப் பகுதியில் பதியுங்கள். எழுதத் தயக்கமாக இருந்தால் காஞ்சிக் குழுவிலோ உங்கள் ஊருக்கு அருகில் உள்ள லினக்ஸ் குழுவிலோ தமிழில் கேளுங்கள், எழுத உதவுவார்கள். பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இறுதியாண்டு மாணவர்களுக்குத் தரும் செயல்திட்டங்களில், விலையில்லா மடிக்கணினியின் ஒரு மாதிரியை எடுத்து, புதுக் கெர்னல் ஒவ்வொன்றிலும் சோதித்து அறிக்கை தருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் படிக்கும் இயங்குதளப் பாடத்தைவிட அதில் அதிகம் கற்பார்கள்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 இலட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அவையும் ஒருநாள் பழசாகும். அன்று அவற்றைக் காப்பாற்ற வெளிநாட்டிலிருந்து யாரோ ஒருவர் வருவார் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு கணினி மாதிரிக்கு ஒரே ஒரு பொறுப்பாளர் போதும். அந்த ஒருவர் நம்மவராக இருக்கட்டும்.